நல் செக் போட்டுவிட்டுத் தூங்கப்போன இரவு

ராத்திரி இரண்டே காலுக்கு போன் அடித்தால் ஒன்று ஊரில் யாருக்கோ உடம்பு முடியவில்லை, இல்லாவிட்டால் ராத்திரியில் தானாக ஓடுகிற பேட்ச் ஜாப் விழுந்துவிட்டது. அன்றைக்கு இரண்டாவது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், எந்த நேரம் கூப்பிட்டாலும் எழுந்து பார்க்க வேண்டிய முதல் ஆன்-கால் வாரம், ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கான ப்ராஜெக்ட். அடுத்த முப்பது நாளில் முடியப்போகும் பாலிசிகளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் புதுப்பிப்பு நோட்டீஸ் தயார் செய்து, கடிதம் அச்சடிக்கிற இடத்துக்கும் எஸ்எம்எஸ் அனுப்புகிற இடத்துக்கும் ஃபைலாக அனுப்பிவைப்பதுதான் அந்த ஜாபின் வேலை. வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று பாதி வழியில் நின்றுவிட்டது. ஜாப் தன் நடப்பை எழுதிவைக்கிற லாகைத் திறந்தால் நல் பாயின்டர் எக்ஸப்ஷன். நல் (null) என்றால் மதிப்பே இல்லை என்று அர்த்தம்; இல்லாத ஒன்றைத் தொடப்போய் ப்ரோக்ராம் வெடிக்கிற பிழை இது. தொடுவதற்கு முன்னால் ‘நல்லா’ என்று பார்த்துக்கொள்வதுதான் நல் செக்.

வரி எண்ணைப் பிடித்துப் போனேன். வாடிக்கையாளரின் கடைசிப் பெயரை எடுத்து முன்னும் பின்னும் இருக்கிற இடைவெளியை வெட்டுகிற வரி. ஒருவருக்குக் கடைசிப் பெயரே இல்லை. அதுவரை ஏஜென்ட்கள் நிரப்பிக்கொண்டிருந்த பழைய படிவத்தில் அந்தக் கட்டம் கட்டாயம் என்பதால் எதையாவது, ஒரு புள்ளியையாவது, போட்டுவைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த மொபைல் ஆப்பில் அதைக் கட்டாயமில்லை என்று மாற்றியிருந்தார்கள், முதல் ஆள் அதைக் காலியாக விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இதில் கேவலம் என்னவென்றால், எங்கள் டீமில் பாதிப் பேருக்குக் கடைசிப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு வாழ்கிற கூட்டம் நாங்கள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற வரி வெறுமையாகத்தான் இருக்கிறது. அமெரிக்க விசா வாங்கிய நண்பன் ஒருவனுக்கு, இருந்த ஒரே பெயரையும் குடும்பப் பெயர் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர் இடத்தில் ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யு என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அங்கே போன பிறகு வங்கியிலிருந்து மருத்துவமனை வரை எல்லோரும் அவனை அந்த மூன்றெழுத்தால் கூப்பிட்டார்கள். இப்படிப்பட்ட நாங்கள் எழுதிய கோடில்தான் ‘கடைசிப் பெயர் எல்லோருக்கும் இருக்கும்’ என்று ஒரு வரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

அந்த நேரத்துக்கு இதெல்லாம் தோன்றவில்லை. தூக்கக் கலக்கத்தில் ஒரே ஒரு இஃப் போட்டேன். கடைசிப் பெயர் நல் இல்லையென்றால் உள்ளே போ. அடைப்புக்குறியை எங்கே மூடினேன் என்பதுதான் விஷயம்: அந்த ஒரு வரிக்கு மட்டும் போடாமல், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் திரும்பத் திரும்ப ஓடுகிற லூப்பின் உடம்பு முழுவதையும் அந்த இஃப்புக்குள் போட்டு மூடிவிட்டேன். ஜாப் மறுபடி ஓடி, பச்சை விழுந்தது. ‘சரியாகிவிட்டது’ என்று மெயில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் பாராட்டு வேறு.

ஐந்து வாரம் கழித்து ஒருவர் கஸ்டமர் கேருக்கு போன் செய்து, நோட்டீஸே வராமல் தன் பாலிசி காலாவதியாகிவிட்டது என்று சத்தம் போட்டார். நோண்டிப் பார்த்தால், கடைசிப் பெயர் இல்லாத ஒருவருக்குக்கூட அன்று முதல் நோட்டீஸ் போகவில்லை. லாகிலும் ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதிய இஃப்புக்கு ‘இல்லாவிட்டால் இதைச் செய்’ என்கிற எல்ஸ் இல்லை, அப்புறம் எப்படி இருக்கும்? என் லீட், நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்க தம்பி. ஜாப் விழுந்துக்கிட்டே இருந்திருந்தா மறுநாளே கேட்டிருப்பாங்க” என்றார். திட்டினதாகக்கூடத் தோன்றவில்லை, அதுதான் கூடுதல் வலி.

எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று எண்ணிச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதினேன்: புதுப்பிக்க வேண்டிய பாலிசிகளில், நோட்டீஸ் டேபிளில் இருக்கிற பாலிசி எண்களில் ‘நாட் இன்’ எவை? பூஜ்யம் வரிசை என்று வந்தது. அக்காவிடம் போய் யாரும் விடுபடவில்லை, அந்த போன் வேறு ஏதோ கேஸ் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நோட்டீஸ் டேபிளில் எங்கோ ஒரு வரிசையில் பாலிசி எண் நல்லாக இருந்திருக்கிறது. எஸ்க்யூஎல்லில் நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை ஆம் இல்லை, இல்லையும் இல்லை, ‘தெரியாது’. நாட் இன் என்பது பட்டியலில் உள்ள ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு ‘இது இல்லை, இதுவும் இல்லை’ என்று உறுதி கேட்கிற விஷயம். பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும் அந்த உறுதி கிடைக்காது, ஒரு வரிசையும் வெளியே வராது. எர்ரரும் வராது. ‘இதற்கு ஒரு வரிசையும் இல்லையா’ என்று கேட்கிற ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ போட்டு மாற்றி எழுதியதும் வந்த எண்ணிக்கையைப் பார்த்து வயிற்றைக் கலக்கியது. அன்றிலிருந்து சப்-க்வெரியோடு, அதாவது கேள்விக்குள் இன்னொரு கேள்வியோடு, நாட் இன் எழுதுவதை அடியோடு விட்டுவிட்டேன். நல்லா என்று பார்க்க சமம் போடக் கூடாது, ‘இஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும் என்பது புத்தகத்தில் படித்ததுதான், பட்டால்தான் ஏறுகிறது.

சரி, இஃப்பை எடுத்துவிட்டுச் சரியாக எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். முதல் பெயர், ஒரு இடைவெளி, கடைசிப் பெயர், மூன்றையும் கூட்டல் குறி போட்டு ஒட்டினேன். நாங்கள் எழுதிய ஜாவா மொழியில் ஸ்ட்ரிங்கோடு, அதாவது எழுத்துக் கோவையோடு, நல்லை ஒட்டினால் வெடிக்காது, அந்த நான்கெழுத்து ஆங்கில வார்த்தையையே எழுதிவிடும். டெஸ்ட் ஃபைலைத் திறந்தால் பெயருக்குப் பெயர் ‘செல்வம் நல்’, ‘மாரியம்மாள் நல்’. தமிழில் வாசித்தால் நல்வாழ்த்து மாதிரிதான் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வேடிக்கைக்காகத் தன் கார் நம்பர் பிளேட்டுக்கு இதே வார்த்தையைக் கேட்டு வாங்கி, பிளேட் எண் பதிவாகாத யார் யாரோ வண்டிகளின் அபராதமெல்லாம் பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல் அவர் பெயரில் வந்து விழுந்த கதை 2019-ல் செய்தியானது. இல்லாததற்கு ஒரு பெயர் வைத்தால் அந்தப் பெயரோடு ஒருவன் வந்து நிற்பான்.

மூன்றாவது தடவை அக்கா கீபோர்டைத் தொடவிடவில்லை. ஒரு பேப்பரில் அந்த நோட்டீஸுக்கு வேண்டிய ஃபீல்டுகளை எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இது இல்லாமல் இருக்கலாமா, இல்லாவிட்டால் என்ன செய்வது’ என்று எழுதச் சொன்னார். நான் நல் செக் பற்றிக் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்தப் பேப்பரில்தான்.

கடைசிப் பெயர் இல்லாமல் இருக்கலாம். அது தவறே இல்லை, அந்த மனிதர் அப்படித்தான். ஆகவே வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கிற கிளாஸுக்குள்ளேயே ‘அழைக்கும் பெயர்’ என்று ஒரு மெத்தட், அதாவது கூப்பிட்டால் விடை தருகிற ஒரு துண்டுக் கோட், எழுதி, இருந்தால் சேர்த்து, இல்லாவிட்டால் விட்டு, வெளியே எப்போதும் ஒரு முழுப் பெயரைக் கொடுக்கச் செய்தோம். வெளியில் இருக்கிற யாரும் இனிமேல் கடைசிப் பெயரைத் தொடவே மாட்டார்கள், தொட முடியாதபடி மறைத்தும்விட்டோம். பத்து இடத்தில் இருந்த செக் ஓரிடத்துக்கு வந்தது.

செல்போன் எண் இல்லாமல் இருக்கலாம், ஆனால் இல்லாவிட்டால் வேறு வழி வேண்டும். எஸ்எம்எஸ் போகாது, கடிதம் போக வேண்டும், இரண்டும் முடியாதவர்களைத் தனி ஃபைலில் எழுதி, எத்தனை பேர் என்று காலையில் மெயில் வர வேண்டும். எண்ணிக்கைதான் முக்கியம். தினமும் மூன்று நான்கு என்று வருவது திடீரென்று நானூறு என்று வந்தால் யாராவது கேட்பார்கள் இல்லையா.

பிரீமியம் தொகை இல்லாமல் இருக்கவே கூடாது. இல்லையென்றால் அதற்கு முந்தைய கட்டத்தில் யாரோ தவறு செய்திருக்கிறார்கள். இங்கே நல் செக் போட்டுச் சமாளிப்பது பாவம். ஜாவா 7-லிருந்து ‘ரிக்வயர் நான்-நல்’ என்று ஒரு மெத்தட் இருக்கிறது, நல் வந்தால் அங்கேயே நாம் கொடுத்த செய்தியோடு வெடிக்கும். பாலிசி எண்ணையும் அந்தச் செய்தியில் சேர்த்துவிடுங்கள், ராத்திரி முழித்திருக்கிறவன் வாழ்த்துவான். எங்களோடு இருந்த ஒருவர் வேறொரு ப்ராஜெக்டில் இதே இடத்தில் ‘நல் என்றால் பூஜ்யம்’ என்று போட்டு, ‘நீங்கள் கட்ட வேண்டிய தொகை ரூ.0’ என்று எஸ்எம்எஸ் போய், மக்கள் கட்ட வேண்டியதில்லை போலிருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பூஜ்யம் என்பது ஒரு விடை, நல் என்பது விடை தெரியவில்லை. காலி ஸ்ட்ரிங்கும் அப்படித்தான்: ‘கேட்டோம், எதுவும் இல்லை என்றார்’ என்பதும் ‘கேட்கவே இல்லை’ என்பதும் வேறு வேறு. ஆரக்கிள் டேட்டாபேஸில் வேலை செய்கிறவர்கள் கூடுதலாக ஒன்று தெரிந்துவைத்திருக்க வேண்டும், அது காலி ஸ்ட்ரிங்கையே நல் என்றுதான் எடுத்துக்கொள்ளும், நீங்கள் பார்த்துப் பார்த்துப் பிரித்தது டேபிளுக்குள் போனதும் ஒன்றாகிவிடும்.

இந்த நல்லைக் கண்டுபிடித்த டோனி ஹோரே 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக அதைச் சேர்த்ததை, 2009-ல் லண்டன் மாநாடு ஒன்றில் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று ஒப்புக்கொண்டார். செய்வதற்கு அவ்வளவு சுலபமாக இருந்ததால் ஆசையை அடக்க முடியவில்லையாம். என் இஃப்பும் சுலபமாகத்தான் இருந்தது.

செக் எங்கே போடுவது என்பதற்கு அக்கா சொன்னது: வாசலில் செருப்பைக் கழற்று, ஒவ்வொரு அறையிலும் கால் கழுவாதே. வெளியிலிருந்து டேட்டா நுழைகிற இடம், அதாவது ஏபிஐ (வேறு ப்ரோக்ராம்கள் வந்து பேசுகிற வழி), ஃபைல், டேபிள், அங்கே நன்றாகச் சோதித்துவிட்டு உள்ளே விடு. உள்ளே இருக்கிற மெத்தட்கள் ஒன்றையொன்று நம்பட்டும். பட்டியல் திருப்பிக் கொடுக்கிற மெத்தட் எதுவாக இருந்தாலும், ஒன்றும் இல்லாவிட்டால் காலிப் பட்டியலைக் கொடு, நல்லைக் கொடுக்காதே. இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி இஃப் காணாமல் போகும், லூப் தன்பாட்டுக்குப் பூஜ்யம் தடவை ஓடிவிட்டு நிற்கும்.

அப்புறம் சில்லறைப் பொறிகள், நான் விழுந்த வரிசையிலேயே சொல்கிறேன். தள்ளுபடியை, எண்ணை ஒரு பெட்டிக்குள் ஆப்ஜெக்டாக வைக்கிற இன்டீஜர் (Integer) வகையில் வைத்திருந்தேன், அதைப் பெட்டியில்லாத சாதாரண இன்ட்டுக்கு (int) மாற்றினேன்; அந்த வரியில் புள்ளியே இல்லை, மெத்தட் எதுவும் கூப்பிடவில்லை, இருந்தும் நல் பாயின்டர் எக்ஸப்ஷன். ஜாவா நமக்குத் தெரியாமல் பெட்டியைப் பிரித்து எண்ணை எடுக்கப் பார்க்கிறது, பெட்டியே இல்லை. ‘ஆமென்றால் இது, இல்லையென்றால் அது’ என்று கேள்விக்குறி-முக்காற்புள்ளி போட்டு ஒரே வரியில் எழுதும்போது ஒரு பக்கம் இன்ட்டும் மறு பக்கம் இன்டீஜரும் இருந்தால் இதே கதை இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும்.

அடுத்தது மேப், அதாவது ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை எடுத்துத் தருகிற அட்டவணை. எந்த மொழியில் கடிதம் போக வேண்டும் என்று ஹேஷ்மேப்பில் வைத்திருந்தோம், ‘கெட் ஆர் டிஃபால்ட்’ போட்டு, இல்லாவிட்டால் ஆங்கிலம் என்று எழுதியிருந்தேன். அப்படியும் நல் வந்தது. சாவியே இல்லாவிட்டால்தான் அது டிஃபால்ட்டைக் கொடுக்கும். சாவி இருந்து அதற்குள் நல் கிடந்தால் அந்த நல்லையே எடுத்து நீட்டும். மேப்பில் போடும்போதே நல்லைத் தடுத்துவிடுவதுதான் வழி. கன்கரன்ட் ஹேஷ்மேப் என்கிற இன்னொரு வகை மேப் நல்லை உள்ளேயே விடாது, அந்தக் கறார் எனக்குப் பிடிக்கும்.

ஒற்றை ஆம்பர்சண்ட் போட்டு ‘நல் இல்லை & நீளம் பூஜ்யத்துக்கு மேல்’ என்று எழுதியவனும் நான்தான். இரட்டை போட்டால் இடது பக்கம் பொய் என்றதும் நிற்கும். ஒற்றை போட்டால் இரண்டு பக்கமும் போய்ப் பார்க்கும், பார்த்து வெடிக்கும்.

எதை முதலில் பார்ப்பது என்கிற வரிசையைப் பற்றிப் பேசும்போது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 2009-ல் வெளிவந்த ஓட்டையைச் சொல்லாமல் முடியாது. ஒரு நெட்வொர்க் டிரைவரில், பாயின்டரை (நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும் முகவரி) முதல் வரியில் பயன்படுத்திவிட்டு, அடுத்து ‘இது நல்லா’ என்று செக் செய்திருந்தார்கள். சி மொழியில் நல் பாயின்டரைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரையறையே கிடையாது. கோடை இயந்திர மொழிக்கு மாற்றுகிற ஜிசிசி கம்பைலர் என்ன கணக்குப் போட்டது தெரியுமா: முந்தைய வரியிலேயே தொட்டாயிற்று, ஆக இது நல்லாக இருக்க வாய்ப்பில்லை, ஆக இந்த செக் வீண். செக்கையே தூக்கிவிட்டது. சோர்ஸில் செக் இருக்கிறது, பைனரியில் இல்லை. அதை வைத்து ரூட், அதாவது கணினியின் முழு அதிகாரம், பிடிக்க முடிந்தது. அதற்குப் பிறகு, இப்படி நல் செக்குகளைத் தூக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃப்ளாகோடு கெர்னலைக் கட்ட ஆரம்பித்தார்கள். கோட் ரிவ்யூவில் செக்கைப் பார்த்ததும் டிக் போட்டுவிடாமல் அதற்கு மேலே இருக்கிற இரண்டு வரியையும் படிக்கிற பழக்கம் எனக்கு அதைப் படித்த பிறகு வந்தது.

ஜாவா 8-ல், 2014-ல், மதிப்பு உள்ளே இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் போகலாம் என்கிற உறையான ஆப்ஷனல் வந்தபோது நல் ஒழிந்தது என்று கொண்டாடினோம். எங்கள் கோடில் ஒரு மாதத்தில் ‘ஆப்ஷனல்.கெட்’ என்று கேள்வி கேட்காமல் எடுக்கிற வரிகள் முளைத்துவிட்டன, எக்ஸப்ஷனின் பெயர் மட்டும் மாறியது. ஒருவர் ஆப்ஷனல் திருப்ப வேண்டிய மெத்தட்டில் நல்லையே திருப்பியிருந்தார், அவரை என்ன சொல்ல. திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ‘இல்லாமலும் போகலாம்’ என்று எழுதி ஒட்டுகிற சீட்டாக வைத்துக்கொண்டால் ஆப்ஷனல் நல்ல சாமான். ஃபீல்டுக்கும் பாராமீட்டருக்கும் போட்டால் எரிச்சல்தான் மிச்சம். மதிப்பு இல்லாவிட்டால் இதைக் கொடு என்கிற ‘ஆர் எல்ஸ்’ உள்ளே ஒரு மெத்தட்டைக் கூப்பிட்டால் மதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடும். உள்ளே டேட்டாபேஸுக்குப் போகிற மெத்தட் என்றால் தேவைப்பட்டால் மட்டும் ஓடுகிற ‘ஆர் எல்ஸ் கெட்’ போடுங்கள், நான் ஒரு முழு நாள் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று தேடியிருக்கிறேன்.

ஜாவாவோடு சேர்ந்து ஓடுகிற காட்லின் மொழிக்கு மாறிய பிறகு வாழ்க்கை லேசானது உண்மை. நல் வரலாம் என்றால் டைப்பிலேயே கேள்விக்குறி இருக்கிறது, செக் செய்யாமல் கம்பைலர் விடாது. ஆனால் இரட்டை ஆச்சரியக்குறி என்று ஒரு ஆயுதத்தையும் கையில் கொடுத்திருக்கிறார்கள், ‘சும்மா இரு, இது நல் இல்லை, எனக்குத் தெரியும்’ என்று கம்பைலரிடம் சத்தியம் செய்வது. அவசரத்தில் செய்கிற சத்தியம் எல்லாம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஜாவா லைப்ரரியிலிருந்து வருகிற மதிப்புகளுக்கோ காட்லினுக்கே நல் வருமா வராதா என்று தெரியாது, அங்கே பழைய ஜாக்கிரதை வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் 2020-ல் வந்த ‘?.’, இடது பக்கம் எதுவும் இல்லையென்றால் வெடிக்காமல் அங்கேயே நின்றுவிடுகிற குறி, எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கு அதன்மேல் ஒரு சந்தேகம் உண்டு. ஐந்து புள்ளிக்கும் முன்னால் கேள்விக்குறி போட்டு, கடைசியில் திரையில் வெற்றிடம் வருகிறது, எந்தப் புள்ளியில் அறுந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. அது என் பழைய இஃப்பின் தம்பிதான். அதோடு வந்த, மதிப்பே இல்லாதபோது மட்டும் டிஃபால்ட்டைக் கொடுக்கிற ‘??’ மட்டும் உண்மையிலேயே தேவையான சாமான், ஏனென்றால் அதற்கு முன் டிஃபால்ட்டுக்கு இரட்டைக் கோடு (||) போட்டுக்கொண்டிருந்தோம், அது பூஜ்யத்தையும் காலி ஸ்ட்ரிங்கையும் சேர்த்து விழுங்கிவிடும். பைத்தானில் ‘இஃப் நாட்’ போடுகிறவர்களுக்கும் இதே வியாதி. பைத்தானில் நல்லுக்குப் பெயர் நன் (None); நன்னா என்று கேட்க வேண்டுமானால் ‘இஸ் நன்’ என்றே கேளுங்கள்.

இன்னும் பழைய ஜாவாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு மெத்தட்டைப் புள்ளி வைத்துக் கோத்து ஒரே வரியில் எழுதினால், வெடிக்கும்போது நான்கில் எது நல் என்று ஜாவா 8 சொல்லாது, வரி எண் மட்டும் கிடைக்கும். ஜாவா 14-ல் அதைச் சொல்லும் வசதி வந்தது, 15-லிருந்து தானாகவே இயங்குகிறது. மேனேஜரிடம் வெர்ஷன் மாற்ற நான் வைத்த முதல் காரணம் அதுதான்.

2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுட் உலகம் முழுக்கப் படுத்ததற்கான அறிக்கையைப் படித்தபோது என் இரண்டே கால் மணி ஞாபகம் வந்தது. மே 29-ல் புதுக் கோட் ஒன்று போயிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வகைக் கொள்கைத் தரவு வந்தால்தான் அந்தப் பாதை ஓடும், அதனால் படிப்படியாக வெளியிட்டபோதும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஜூன் 12-ல் காலி ஃபீல்டுகளோடு ஒரு தரவு உள்ளே போய், நொடிகளில் எல்லா இடத்துக்கும் பரவி, நல் பாயின்டர், கிராஷ், மறுபடி கிளம்பினால் மறுபடி கிராஷ். புதுக் கோடை முதலில் அணைத்துவைத்து மெல்லத் திறந்துவிடுகிற ஃப்ளாகும் அதற்கு இல்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். எங்களுடைய டெஸ்ட் டேட்டாவிலும் அந்த நாள் வரை எல்லோருக்கும் அழகான கடைசிப் பெயர் இருந்தது. இப்போது ஒவ்வொரு புது ஃபீல்டுக்கும் நல், காலி, வெறும் இடைவெளி, அந்த நான்கெழுத்து வார்த்தையே பெயராக வருவது என்று நான்கு வரிசை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்ற டெஸ்ட்.

போன மாதம் அலுவலகத்தில் ஏதோ ஒரு புதுப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். கடைசிப் பெயர், சிவப்பு நட்சத்திரம், கட்டாயம். பழக்க தோஷத்தில் ஒரு புள்ளி வைத்தேன். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. இரண்டு புள்ளி வைத்தேன், ஏற்றுக்கொண்டது.